காற்று வீசும் மாதங்களில் காற்றாலைகள் நிற்பதும், நாம் வெளியிலிருந்து மின்சாரம் வாங்குவதும் ஏன்?

தோவாளை வாசகர் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வட்டத்தில் ஆனி பிறந்ததும் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக அடிக்கத் தொடங்கும் காற்று புரட்டாசி வரை ஓய்வதில்லை. முப்பந்தல், காவல்கிணறு, பணகுடி என்று நெடுஞ்சாலையின் இரு பக்கமும் காற்றாலைகள் நிற்கின்றன. தெற்கே சிறிது தூரத்தில் கூடங்குளத்தில் 1,000 மெகாவாட் அணு உலைகள் இரண்டு இயங்குகின்றன. மேலும் நான்கு கட்டப்பட்டு வருகின்றன. கிழக்கே தூத்துக்குடியில் அனல் மின் நிலையம், மேற்கே பாபநாசத்திலும் கோதையாற்றிலும் நீர்மின் நிலையங்கள். இந்தியாவில் இவ்வளவு சிறிய நிலப்பரப்பில் இத்தனை வகை மின் உற்பத்தி வேறு எங்கேனும் இருக்குமா என்பது எனக்கு ஐயமே.

அப்படியிருக்க, எனக்கு நெடுநாளாக விளங்காத விஷயங்கள் இரண்டு உண்டு. நல்ல காற்று வீசும் ஆடி மாதத்திலேயே வரிசையாகப் பல காற்றாலைகள் இறக்கை அசையாமல் நிற்பதைப் பார்க்கிறோம். காற்று இருந்தும் இயந்திரத்தை நிறுத்துவதற்கு என்ன காரணம்? அடுத்தது, இவ்வளவு உற்பத்தி இருந்தும் தமிழ்நாடு ஒடிசாவிலிருந்தும் சத்தீஸ்கரிலிருந்தும் மின்சாரம் வாங்குவதாகச் செய்திகளில் படிக்கிறோம். எங்கள் மாவட்டத்தில் உற்பத்தியாகும் மின்சாரம் எங்கே போகிறது? இதை விளக்கமாகச் சொல்லக்கூடியவர்கள் இருந்தால் எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன். அரசியல் கட்சிகளின் வாதங்களை அல்ல, மின்சாரத்தின் போக்கையே அறிய விரும்புகிறேன்.

கயத்தாறு பொறியாளர் (மறுமொழி):

தோவாளை நண்பருக்கு வணக்கம். துணை மின் நிலையங்களில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்த அளவில் எழுதுகிறேன்.

மின்சாரத்தை அரிசியைப் போல மூட்டை கட்டிக் கிடங்கில் வைக்க முடியாது. நொடிக்கு நொடி எவ்வளவு செலவாகிறதோ அவ்வளவே உற்பத்தியாக வேண்டும். இந்தச் சமநிலை நிலவுகிறதா என்பதைக் காட்டும் அளவுகோல்தான் அதிர்வெண். நம் நாட்டில் அது 50 ஹெர்ட்ஸ். 49.90-க்கும் 50.05-க்கும் இடையில் அதை நிறுத்தி வைக்க வேண்டும் என்பது மின் தொகுப்பு விதி. (எல்லா நிலையங்களையும் பயனாளர்களையும் இணைக்கும் கம்பி வலையையே தொகுப்பு என்கிறோம்.) உற்பத்தி கூடினால் அதிர்வெண் ஏறும், பயன்பாடு கூடினால் இறங்கும். எந்த நிலையம் எப்போது எவ்வளவு உற்பத்தி செய்ய வேண்டும் என்று பணிக்கும், சென்னையிலுள்ள மாநில லோடு டெஸ்பாட்ச் மையமும் பெங்களூரிலுள்ள தென் மண்டல மையமும் இரவு பகல் பாராமல் செய்துகொண்டிருப்பது இந்தச் சமநிலையைக் காக்கும் வேலையைத்தான்.

உங்கள் பகுதிக் காற்றாலைகள் நிற்பதைக் கண்டவுடன் மின் வாரியம்தான் நிறுத்தச் சொல்லியிருக்கும் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். முப்பந்தலில் உள்ள இயந்திரங்களில் பல 1990-களில் நிறுவப்பட்டவை. 225, 250 கிலோவாட் திறனும் குட்டையான கோபுரமும் கொண்டவை. பழுதாகி, உதிரி பாகம் கிடைக்காமல் நிற்பவையும் அவற்றில் உண்டு. காற்றின் வேகமும் ஒரு காரணமாகலாம். நொடிக்கு ஏறத்தாழ 3 மீட்டருக்குக் கீழே வேகம் இறங்கினால் இயந்திரம் மின்சாரம் தராது. 25 மீட்டரை ஒட்டி வேகம் ஏறினால் தன்னைக் காத்துக்கொள்ளத் தானாகவே நின்றுவிடும். இடையிலும் உற்பத்தி சீராக இருப்பதில்லை, ஏனெனில் காற்றின் ஆற்றல் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறுகிறது. வேகம் பாதியானால் கிடைக்கும் மின்சாரம் எட்டில் ஒரு பங்காகிவிடும். மாநிலம் முழுவதும் 10,000 மெகாவாட்டுக்கு மேல் காற்றாலை நிறுவப்பட்டிருந்தாலும், ஒரு மணி நேரத்தில் 4,000 மெகாவாட்டும் அடுத்த சில மணி நேரத்தில் அதில் பாதியும் கிடைக்கக்கூடும் என்ற நிலையிலேயே லோடு டெஸ்பாட்ச் பொறியாளர் திட்டமிட வேண்டியிருக்கிறது.

இனி, வேண்டுமென்றே நிறுத்தச் சொல்லும் நிலைக்கு வருகிறேன். அதை எங்கள் வழக்கில் 'பேக்டவுன்' என்போம். அதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்கள் இருக்கும். முதலாவது மின்தொடர், அதாவது மின்சாரத்தைத் தொலைவுக்குக் கொண்டு செல்லும் கம்பிப் பாதை. தமிழ்நாட்டுக் காற்று ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, கம்பம், பாலக்காடு ஆகிய நான்கு கணவாய்களின் வழியாகவே வருகிறது. ஆகவே காற்றாலைகளும் அந்த நான்கு இடங்களைச் சுற்றியே குவிந்துவிட்டன. ஆனால் மின்சாரத்தைப் பெருமளவில் பயன்படுத்தும் சென்னை, காஞ்சிபுரம், கோவை வட்டாரங்களோ தொலைவில் உள்ளன. தெற்கே உற்பத்தியாவதை வடக்கே கொண்டு செல்லும் உயரழுத்தத் தொடர்கள் முன்பு போதாமல் இருந்தன. ஒரு தொடர் தாங்கும் அளவுக்கு மேல் அதில் மின்சாரத்தைச் செலுத்தினால் அது துண்டித்துக்கொள்ளும். அதன் சுமை பக்கத்துத் தொடரின் மேல் விழும். அதுவும் துண்டித்துக்கொண்டால் மாவட்டங்களே இருளாகும். இதைத் தவிர்க்கத்தான் ஜெர்மனியின் கே.எஃப்.டபிள்யூ வங்கியின் கடனுதவியோடு பசுமை மின்வழித் திட்டத்தில் தப்பக்குண்டு, ராசிப்பாளையம் போன்ற இடங்களில் 400 கிலோவோல்ட் துணை மின் நிலையங்களும் தொடர்களும் எழுந்தன. அதன் பிறகு தொடர் நெரிசல் வெகுவாகக் குறைந்தது.

இரண்டாவது காரணம் அனல் மின் நிலையங்களின் இயல்பு. 210 மெகாவாட் அலகு (கொதிகலனும் மின்னாக்கியும் சேர்ந்த ஒரு தொகுதி) ஒன்றை ஏறத்தாழ 55 விழுக்காட்டுக்குக் கீழே இறக்கி ஓட்டுவது கொதிகலனுக்கு நல்லதல்ல; பழைய அலகுகள் அந்த அளவுக்கு இறங்குவதே கடினம். முழுவதுமாக நிறுத்திவிட்டால் மீண்டும் சூடேற்றி ஓட வைக்கப் பல மணி நேரமாகும். ஆடி மாத ஞாயிற்றுக்கிழமை நள்ளிரவில் நூற்பாலைகளும் தொழிற்சாலைகளும் ஓய்ந்திருக்கும்போது காற்று மட்டும் முழு வேகத்தில் வீசினால், மறுநாள் காலையில் தேவைப்படும் அனல் அலகை நிறுத்துவதா, காற்றாலையைக் குறைப்பதா என்ற இக்கட்டு வருகிறது. காற்றாலைக்கு நிலக்கரிச் செலவு இல்லை என்பது சாலையில் போகிறவருக்கும் தெரியும், அந்தப் பொறியாளருக்கும் தெரியும். ஆனால் மறுநாள் மாலை ஏழு மணிக்குக் காற்று ஓய்ந்தால் பொறுப்பேற்க வேண்டியவர் அவர்தான்.

உங்கள் மாவட்ட மின்சாரம் எங்கே போகிறது என்ற கேள்விக்கும் இதிலேயே விடை இருக்கிறது. அது முதலில் அருகிலுள்ள சுமைக்குப் பாய்கிறது, மிச்சம் தொகுப்பில் கலக்கிறது. கூடங்குளத்தின் முதல் இரண்டு உலைகளின் மின்சாரத்தில் பாதிக்கும் மேல் தமிழ்நாட்டுக்கு; மீதி கேரளம், கர்நாடகம், புதுச்சேரி ஆகியவற்றுக்கு ஒதுக்கப்பட்டது. நடுவண் அரசு நிறுவனங்களின் நிலையங்கள் எங்கே இருந்தாலும் அவற்றின் மின்சாரம் இப்படிப் பங்கிடப்படுவதே முறை.

ராஜபாளையம் நூற்பாலைக்காரர் (மறுமொழி):

பொறியாளர் ஐயா தொகுப்பின் பக்கத்திலிருந்து எழுதினார்கள். காற்றாலையில் முதலீடு செய்தவர்களின் பக்கத்தையும் இங்கே பதிவு செய்வது அவசியம் என்று கருதுகிறேன்.

தமிழ்நாட்டில் காற்றாலை வளர்ந்ததற்கு அரசும் வாரியமும் வழி அமைத்துக் கொடுத்தன என்பது உண்மை. 1986-இல் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் மாதிரிக் காற்றாலைகளை நிறுவிக் காட்டியது அரசுதான். ஆனால் அதற்குப் பிறகு வந்த பணத்தில் பெரும்பகுதி நூற்பாலைகளின் பணம். 1990-களில் முதல் ஆண்டிலேயே முழுத் தேய்மானத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்ளும் வரிச் சலுகை இருந்தது. அதோடு, கயத்தாற்றில் ஓடும் நம் காற்றாலை தரும் யூனிட்டுகளைத் தொகுப்பின் வழியாகக் கொண்டுவந்து ராஜபாளையத்திலோ திருப்பூரிலோ உள்ள நம் ஆலையின் கட்டணத்தில் கழித்துக்கொள்ளலாம் என்ற ஏற்பாடும் இருந்தது. நூற்பாலைக்கு மின்சாரம் என்பது பஞ்சுக்கு அடுத்த பெரிய செலவு. ஆகவே எங்களில் பலர் கடன் வாங்கியே இயந்திரம் நிறுவினோம்.

காற்று ஆறு மாதம் மட்டுமே வீசும், ஆலையோ பன்னிரண்டு மாதமும் ஓட வேண்டும். அதற்காகத்தான் 'பேங்கிங்' என்ற முறை வந்தது. ஆடியில் மிஞ்சும் யூனிட்டுகளை வாரியத்தின் கணக்கில் வைத்துவிட்டு, ஒரு குறிப்பிட்ட விழுக்காட்டைக் கட்டணமாகக் கொடுத்துவிட்டு, மார்ச் மாதத்துக்குள் திரும்ப எடுத்துக்கொள்வோம். வாரியத்தின் நோக்கில் இது பாரம்தான் என்பதை ஒப்புக்கொள்கிறேன். மின்சாரம் மலிவாக இருக்கும் ஆடியில் வாங்கிக்கொண்டு, விலை உயர்ந்த மாசியில் அவர்கள் திருப்பித் தர வேண்டும். புதிய இயந்திரங்களுக்கு இந்த வசதி சுருக்கப்பட்டதற்கு அதுவே காரணம்.

ஆனால் 'பேக்டவுன்' செய்வதற்கான காரணங்களை ஐயா இரண்டோடு நிறுத்தியதில் எனக்கு உடன்பாடில்லை. மூன்றாவதாக விலை என்ற காரணமும் உண்டு. காற்றாலைக்கும் சூரிய மின்சாரத்துக்கும் 'கட்டாயம் இயக்க வேண்டிய நிலையம்' என்ற தகுதி விதிகளில் இருக்கிறது. தொகுப்பின் பாதுகாப்புக்கு ஆபத்து என்றால் மட்டுமே நிறுத்தலாம். 2021-இல் மின்சாரத்துக்கான மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம், தமிழ்நாட்டுச் சூரிய மின் உற்பத்தியாளர்கள் தொடர்பான வழக்கில், பாதுகாப்பு அல்லாத காரணங்களுக்காக உற்பத்தி நிறுத்தப்பட்டிருந்தால் இழப்பீடு தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. எல்லா நிறுத்தங்களும் தொகுப்பைக் காப்பதற்காகவே செய்யப்பட்டவை என்றால் அப்படி ஒரு தீர்ப்பு எழுந்திருக்க வேண்டியதில்லை. வாங்கும் நிறுவனத்தின் நிதி நெருக்கடியை உற்பத்தியாளரின் தலையில் இறக்குவது, இனி முதலீடு செய்ய வருகிறவர்களை விலகிப் போகச் செய்யும் என்பதே என் கவலை.

பழைய இயந்திரங்களைப் பற்றி ஐயா சொன்னது முழுக்க உண்மை. நாட்டிலேயே காற்று மிகச் சிறப்பாக வீசும் நிலத்தில் மிகப் பழைய இயந்திரங்கள் நிற்கின்றன. ஒரே இடத்தில் பத்துச் சிறிய இயந்திரங்களை அகற்றிவிட்டு, 100 மீட்டருக்கு மேல் உயர்ந்த கோபுரத்தில் 2 அல்லது 3 மெகாவாட் இயந்திரம் ஒன்றை நிறுவினால், அதே நிலத்திலிருந்து பல மடங்கு யூனிட் கிடைக்கும். ஆனால் அந்தப் பத்து இயந்திரங்களுக்கும் பத்து உரிமையாளர்கள் இருப்பதும், பழைய ஒப்பந்தத்தின் சலுகைகள் போய்விடுமோ என்ற அச்சமும் அந்த வேலையைத் தாமதப்படுத்துகின்றன.

தோவாளை வாசகர்:

இருவருக்கும் நன்றி. காற்றாலை நிற்பதன் காரணங்கள் இப்போது ஓரளவு தெளிவாகின்றன. ஆனால் வெளி மாநில மின்சாரம் வாங்குவது பற்றிய கேள்வி இன்னும் நிற்கிறது. வாரியம் தானே போதிய நிலையங்களைக் கட்டிக்கொண்டிருந்தால் வாங்க வேண்டிய தேவை இருந்திருக்காதே? பைக்காராவையும் மேட்டூரையும் கட்டிய வாரியம்தானே இது?

கட்டண ஆணை படிப்பவர் (மறுமொழி):

மின் கட்டணத்தை நிர்ணயிக்கும் ஒழுங்குமுறை ஆணையத்தின் கட்டண ஆணைகளைத் தொடர்ந்து படித்துவருபவன் என்பதால், உங்கள் இரண்டாவது கேள்விக்கு நான் விடையளிக்க முயல்கிறேன்.

பைக்காரா 1932-லும் மேட்டூர் நீர்மின் நிலையம் 1937-லும் தொடங்கின. அவை சென்னை மாகாண அரசின் மின் துறை கட்டியவை. மின் வாரியம் பிறந்தது 1957 ஜூலை 1 அன்று. கனடா நாட்டு உதவியோடு குந்தா நீர்மின் திட்டம், எண்ணூர், தூத்துக்குடி, மேட்டூர், வடசென்னை அனல் மின் நிலையங்கள் என்று வாரியம் தொடர்ந்து கட்டியது. இதில் நாம் பெருமைப்படலாம். ஆனால் கணக்கைப் பாருங்கள். 2024 மே 2 அன்று மாநிலத்தின் உச்சத் தேவை 20,830 மெகாவாட்டை எட்டியது. அந்தக் கோடையில் வாரியத்தின் வழிவந்த நிறுவனத்துக்குச் சொந்தமாக இயங்கிவந்த நிலக்கரி நிலையங்களின் மொத்த நிறுவு திறன் 4,320 மெகாவாட். 2024 மார்ச்சில் தொடங்கிவைக்கப்பட்ட வடசென்னை மூன்றாம் கட்டத்தின் 800 மெகாவாட்டைச் சேர்த்தாலும் 5,120. நீர்மின் நிலையங்கள் எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 2,300 மெகாவாட். அதுவும் மே மாதத்தில் அணைகளில் தண்ணீர் இறங்கியிருக்கும். சிறு எரிவாயு நிலையங்களையும் சேர்த்துக்கொண்டால்கூட, சொந்த உற்பத்தி உச்சத் தேவையில் பாதியைத் தொடவில்லை. உங்கள் ஊர்க் காற்றோ அந்தத் தேதியில் இன்னும் வரவில்லை! தேவை உச்சத்தைத் தொடும் சித்திரையும் காற்று உச்சத்தைத் தொடும் ஆடியும் வெவ்வேறு மாதங்கள் என்பதை மறந்துவிட்டு மொத்த மெகாவாட்டைக் கூட்டிப் பார்ப்பதுதான் பலருக்குக் குழப்பத்தைத் தருகிறது.

ஆகவே மீதியை நெய்வேலி, கல்பாக்கம், கூடங்குளம், தெலங்கானாவின் ராமகுண்டம், ஒடிசாவின் தால்ச்சர் முதலிய நடுவண் நிலையங்களின் பங்கிலிருந்தும், வல்லூர் போன்ற கூட்டு நிறுவனங்களிலிருந்தும், தனியாரின் நீண்டகால ஒப்பந்தங்களிலிருந்தும், மின் சந்தையிலிருந்தும் பெறுகிறோம். தமிழ்நாட்டுக்கு நிலக்கரி இல்லை. நெய்வேலியில் இருப்பது பழுப்பு நிலக்கரி, அதுவும் நடுவண் நிறுவனத்தின் கையில். தூத்துக்குடியிலும் வடசென்னையிலும் எரியும் நிலக்கரியில் பெரும்பகுதி ஒடிசாவின் சுரங்கங்களிலிருந்து ரயிலில் பாராதீப் துறைமுகத்துக்கு வந்து, கப்பலில் ஏறி, இங்கே இறங்குகிறது. மேட்டூருக்கு அங்கிருந்து மீண்டும் ரயில். நிலக்கரியைச் சுமந்து வருவதை விடச் சுரங்கத்தின் வாயிலிலேயே மின்சாரமாக்கிக் கம்பி வழியே கொண்டு வருவது பல நேரங்களில் மலிவு. சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து கரூர் மாவட்டம் புகளூர் வரை 800 கிலோவோல்ட் நேர்மின்னோட்டத் தொடர் 6,000 மெகாவாட் திறனில் அமைக்கப்பட்டதன் நோக்கங்களில் இது ஒன்று. அந்தத் தொடரில் எதிர்த் திசையிலும் மின்சாரம் பாய முடியும் என்பதைத் தோவாளை நண்பர் கவனிக்க வேண்டும். தென்னகத்தில் காற்று மிஞ்சும்போது வடக்கே அனுப்புவதற்கும் அது வழி.

இந்தத் தொடர்கள் இல்லாதபோது என்ன ஆயிற்று என்பதற்கு 2012-ஐ விட வேறு சான்று தேவையில்லை. அப்போது தென் மண்டலத் தொகுப்பு நாட்டின் மற்றப் பகுதியோடு ஒரே அதிர்வெண்ணில் இணையாமல், நேர்மின்னோட்ட இணைப்புகள் சிலவற்றால் மட்டுமே தொடுக்கப்பட்டிருந்தது. அதனால் 2012 ஜூலை 30, 31 நாட்களில் வட இந்தியத் தொகுப்பு சரிந்தபோது தெற்கு தப்பியது. அதே காரணத்தால், தமிழ்நாட்டில் சிற்றூர்களும் சிறு தொழில்களும் நாள்தோறும் பல மணி நேர மின்வெட்டில் தவித்த அந்த ஆண்டில், வடக்கே விற்பனைக்கு இருந்த மின்சாரத்தை வேண்டிய அளவுக்குக் கொண்டுவர வழியும் இல்லாமல் போயிற்று. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் தொடர் இயக்கப்பட்ட பிறகுதான் தெற்கு முழுமையாக நாட்டின் தொகுப்போடு இணைந்தது. கோவையில் பம்புசெட் பட்டறைகளை மூடிவிட்டுப் போனவர்களுக்கு அந்த இணைப்பு ஓராண்டு பிந்தி வந்தது என்பதை இப்போது நினைத்தாலும் மனம் வருந்துகிறது.

நூற்பாலை நண்பர் சொன்ன நிதி நெருக்கடியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நீண்டகால ஒப்பந்தங்களில் ஒவ்வொரு நிலையத்துக்கும் நிலையான கட்டணம், எரிபொருள் கட்டணம் என்று இரு பகுதிகள் உண்டு. ஆடியில் காற்று மிஞ்சி அனல் நிலையத்தை நிறுத்தினாலும், அந்த நிலையம் தயாராக இருக்கும் வரை அதன் நிலையான கட்டணத்தைச் செலுத்தியே ஆக வேண்டும். அதாவது மலிவான காற்றை வாங்கும் நேரத்திலும் ஓடாத நிலையத்துக்குப் பணம் போகிறது. வீடுகளுக்கு இரு மாதத்துக்கு 100 யூனிட்டும் உழவர்களுக்கு முழுவதுமாகவும் இலவசமாகத் தருவதை நான் குறை சொல்லமாட்டேன். பம்புசெட்டுக்கு மின்சாரம் கிடைத்ததால் பிழைத்த கிராமங்கள் பல. ஆனால் அதற்கான மானியத்தை அரசு உரிய காலத்தில் முழுமையாகத் தராவிட்டால் நிறுவனம் கடன் வாங்கும், கடனுக்கு வட்டி கட்டும், அந்த வட்டி அடுத்த கட்டண உயர்வில் வந்து நிற்கும். 2010-இல் உற்பத்தி–பகிர்மானம் ஒரு நிறுவனமாகவும் மின்தொடரமைப்பு ஒரு நிறுவனமாகவும் வாரியம் பிரிக்கப்பட்டது. 2024-இல் பகிர்மானம், உற்பத்தி, பசுமை எரிசக்தி என மேலும் பிரிந்தது. பிரித்ததால் கணக்கு தெளிவாகும் என்பது நல்லதே. ஆனால் கடன் எந்த நிறுவனத்தின் ஏட்டில் எழுதப்பட்டாலும், அதைத் தீர்க்க வேண்டியவர்கள் நுகர்வோரும் அரசும்தான்.

கயத்தாறு பொறியாளர்:

விலை என்ற மூன்றாவது காரணத்தை நூற்பாலை நண்பர் சுட்டியது நியாயமே, நான் மறுக்கவில்லை. கட்டுப்பாட்டு அறையில் இருக்கும் பொறியாளருக்கு அந்த முடிவு மேலிருந்து வருகிறது என்பதை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன்.

இனிமேல் வரும் சிக்கல் நள்ளிரவில் அல்ல, மாலையில்தான். சூரிய மின்சாரம் பெருகியபின் நண்பகலில் மின்சாரம் தாராளமாகக் கிடைக்கிறது. கதிரவன் சாய்ந்ததும் இரண்டு மணி நேரத்துக்குள் அத்தனையும் மறைந்துவிட, அதே நேரத்தில் வீடுகளில் விளக்கும் குளிர்சாதனமும் ஏறுகின்றன. அந்த இடைவெளியை நிரப்ப நிலக்கரி அலகுகளால் வேகமாக ஏற முடியாது. நீர்மின் நிலையத்தால் சில நிமிடங்களில் முடியும். ஆகவேதான் மின்சாரம் மிஞ்சும் நேரத்தில் தண்ணீரை மேல் அணைக்கு ஏற்றி, தேவைப்படும் நேரத்தில் இறக்கி மின்சாரமாக்கும் நீரேற்று நிலையங்கள் நமக்கு வேண்டும் என்று நான் வலியுறுத்துகிறேன். ஏற்றி இறக்குவதில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு ஆற்றல் இழப்பாகும். ஆடியில் நிறுத்தப்படும் காற்றாலையில் முழுவதும் இழப்பு என்பதை வைத்துப் பார்த்தால் அது பெரிய விலை அல்ல.

தமிழ்நாட்டிடம் இந்த வகையில் இயங்குவது ஆனைமலையில் 1980-களின் இறுதியில் முடிந்த காடம்பாறை ஒன்றுதான்; 100 மெகாவாட் அலகுகள் நான்கு. நீலகிரியில் போர்த்திமந்து அணையை மேல் நீர்த்தேக்கமாகவும் அவலாஞ்சி–எமரால்டை கீழ் நீர்த்தேக்கமாகவும் கொண்டு, 125 மெகாவாட் அலகுகள் நான்கோடு குந்தா நீரேற்றுத் திட்டத்தின் பணி நடக்கிறது. இரண்டு அணைகளும் முன்பே இருப்பதால் புதிதாகக் காட்டை மூழ்கடிக்க வேண்டியதில்லை. மலைக்குள் சுரங்கம் குடைவதுதான் பெரும் வேலை. முப்பதாண்டுகளுக்கும் மேலாக இரண்டாவது நீரேற்று நிலையம் ஒன்றைக்கூட முடிக்காமல், அதே காலத்தில் 10,000 மெகாவாட் காற்றாலையை நிறுவ விட்டோம். தோவாளை நண்பர் நெடுஞ்சாலையில் காணும் அசையாத இறக்கைகளில் பழுதாகி நிற்பவை போக மற்றவற்றை ஓட வைக்க வேண்டுமானால், அடுத்த முதலீடு உற்பத்திக்கு முன்பாகச் சேமிப்புக்குப் போக வேண்டும் என்பதே என் கருத்து. மின்கலத் தொகுப்புகளுக்கும் இப்போது ஏலங்கள் நடக்கின்றன. மாலையின் சில மணி நேரத்துக்கு அவை பயன்படும். ஆனால் ஆடியில் பல நாட்கள் தொடர்ந்து வீசும் காற்றை அவற்றால் தேக்கி வைக்க இயலாது. அந்த மிச்சத்தைப் புகளூர்த் தொடரின் வழியாக வடக்கே நல்ல விலைக்கு விற்பதற்கான ஒப்பந்தங்களைச் சித்திரையிலேயே செய்துகொள்ள வேண்டும்.